சத்தம் போடுவது விளக்கு இல்லை, ஐயா

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவில் ஒரு தம்பி, விளக்கு எரியும் ஃபேன்கள் மாட்டிய தன் கம்ப்யூட்டர் கேஸின் (வெளிக்கூட்டின்) படத்தைப் போட, அதற்குக் கீழே நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி எடுத்துப் போடப் போவதில்லை. "லைட்டு ஃபேன் மாட்டுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு, சப்பரம் போதுமே, சத்தத்துக்கு மேளமும் வேண்டியதில்லை" என்று எழுதியவரின் பெயரையும் சொல்லப் போவதில்லை. பெரியவர், நான் மதிக்கிறவர். அதனால்தான் உடனே பதில் எழுதாமல் ஆறப்போட்டேன். ஆறவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கேஸ் ஃபேனில் சத்தம் போடுவது விளக்கு இல்லை. மலிவு விலையும் இல்லை. வேகம். எல்இடி சுற்றாது, உரசாது, காற்றை வெட்டாது. தம்பியின் ஃபேனில் அதற்கு ஒயரே தனி. அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டாலும் ஃபேன் அதே சத்தத்தோடுதான் ஓடும். நம்பாதவர்கள் பிடுங்கிப் பாருங்கள்.

அப்புறம் ஏன் லைட்டு ஃபேன் என்றாலே இரைச்சல் என்று பேர் வந்தது? இங்கே ரங்கூனில் மலிவுக் கேஸோடு வரும் வானவில் ஃபேன்களில் பல, பவர் சப்ளையின் பெரிய மோலெக்ஸ் பிளக்கில் நேராகச் சொருகுகிறவை. அதில் 12 வோல்ட் எந்நேரமும் முழுதாக வரும். அப்படி ஒரு ஃபேன் இருப்பதே, வேகத்தைக் கட்டுப்படுத்தும் மதர்போர்டுக்குத் தெரியாது. நீங்கள் சும்மா பாட்டுக் கேட்டாலும் அது முழு வேகத்தில் கத்தும். கத்தாமல் என்ன செய்யும்?

அந்தத் தம்பி மாட்டியது அது இல்லை. மதர்போர்டில் சொருகும் நாலு பின் ஃபேன், வேகத்தை மதர்போர்டே கூட்டிக் குறைக்கும் வகை, பெட்டியிலேயே பி.டபிள்யூ.எம். என்று போட்டிருக்கும். பயாஸுக்குள், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங்குக்குள் போய், சிபியு 60 டிகிரி தொடும்வரை நிமிஷத்துக்கு 700, 800 சுற்றில் (ஆர்பிஎம்) ஓடு என்று சொல்லிவிட்டால் ஓடும். மூன்று பின் ஃபேனும் மோசமில்லை. பயாஸில் அந்த இடத்தை டிசி என்று மாற்றினால் வோல்ட்டைக் குறைத்து வேகத்தை அடக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் கிட்டத்தட்ட 15 டெசிபல் இறங்கும். அதே ஃபேனை ஒன்றுக்கு இரண்டாக மாட்டினால் ஏறுவது 3 டெசிபல்தான். அதனால்தான் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, எல்லாம் மெதுவாக என்று நான் சொன்னேன். ஆமாம், சொன்னது நான்தான். திட்டுவதென்றால் என்னைத் திட்டியிருக்கலாம்.

  

"நாக்டுவா வாங்க வேண்டியதுதானே" என்பார்கள். நல்ல ஃபேன்தான், யார் இல்லை என்றது? ஆஸ்திரியாக் கம்பெனியுடையது, சத்தம் குறைவு, பல வருஷம் உழைக்கும். ஆனால் அதில் விளக்கே கிடையாது. ஒன்று வாங்கும் காசுக்குத் தெர்மல்ரைட் கம்பெனியின் டிஎல்-சி12சி-எஸ் ஃபேன் மூன்று அடங்கிய பெட்டி வந்துவிடும். விளக்கோடு, அதிகபட்சம் 1500 ஆர்பிஎம், பெட்டியில் போட்டிருப்பது 25.6 டெசிபல். பெட்டியில் போடுவது கம்பெனி தானே அளந்து போடுவது, அதை வேதவாக்காக நான் எடுத்துக்கொள்வதில்லை. நாக்டுவா போடுவதும் கம்பெனிக் கணக்குதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

"விளக்கு வளையம் வைத்தால் இறக்கை சின்னதாகும், காற்று குறையும்." சரி, சில ஃபேன்களில் உண்மை. வித்தியாசம் கொஞ்சம்தான், விட்டுவிடுங்கள்.

"கரண்டு வீண்." இதைப் படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஃபேனின் விளக்கு தின்பது இரண்டு, மூன்று வாட். ரங்கூனின் மின்வெட்டுக்கு எங்கள் எல்இடிதான் காரணம் என்று தெரிந்திருந்தால் எப்போதோ கழற்றியிருப்போமே!

நான் பழைய ஆள். எனக்கு வாய்த்த முதல் கேஸில் விளக்கு ஒன்றும் கிடையாது, கறுப்பு ஃபேன், குண்டுகள் இல்லாமல் எண்ணெயில் ஓடும் ஸ்லீவ் பேரிங். மழைக்காலம் முடிவதற்குள் முனக ஆரம்பித்துவிடும். நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி, அம்மாவின் தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, ஸ்டிக்கரைத் திரும்ப அழுத்துவேன். எண்ணெய் பட்ட பசை ஒட்டாது, மேலே டேப்பு. கொஞ்ச நாள் சும்மா இருக்கும், மறுபடி முனகும். விளக்கில்லாத ஃபேன் சத்தமே போடாது என்கிறவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

அந்தத் தம்பிக்குச் சத்தம் ஏன் குறைய வேண்டும் தெரியுமா? அவன் வீடு ஒரே அறை. கரண்டு நடுராத்திரியில் வந்து தெருவே "மீ லா பீ" (கரண்டு வந்தாச்சு) என்று கத்தும்போது எழுந்து, கல்யாண வீடியோவை ரெண்டருக்குப் போடுவான், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்க ஓடவிடுவான். விடிவதற்குள் முடித்தாக வேண்டும், அப்புறம் கரண்டு இருக்கும் என்று சொல்ல முடியாது. கைக்கெட்டும் தூரத்தில் பாயில் பாட்டி படுத்திருப்பார். பாட்டி தூங்க வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டும் கொதிக்கக் கூடாது. 2024 ஏப்ரல் 28 அன்று சௌக் என்ற ஊரில் 48.2 டிகிரி அடித்த நாடு இது. எந்த ஃபேனும் அறையின் சூட்டுக்குக் கீழே குளிர்விக்காது. ஏசி அறையில் உட்கார்ந்து யூடியூபுக்காக அளந்த டிகிரிகளை வைத்து அவனுக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

சரி, விளக்கு எதற்கு என்பீர்கள். அவனுக்குப் பிடித்திருக்கிறது, அதனால். அது போதாதா? உங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் ஓடும் கலர் பல்பு எதற்கு என்று யாராவது கேட்டோமா? காசு இருப்பவன் கண்ணாடிக் கேஸில் லைட் போட்டால் "செட்டப்". இல்லாதவன் போட்டால் சப்பரம். சத்தம், காற்று, கரண்டு எல்லாம் சும்மா சாக்கு என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவன் பதில் ஒன்றும் எழுதாமல் படத்தை எடுத்துவிட்டான். அதுதான் என்னை உறுத்துகிறது. எழுதத் தெரியாதவன் இல்லை அவன்.

ஐயா, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதற்கும் கோபித்துக்கொள்வீர்கள். போன வருஷம் உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவைச் செய்து கொடுத்தவன் அவன்தான். அப்போது எந்த ஃபேன் ஓடியது என்று யாரும் கேட்கவில்லை. நன்றாயிருக்கிறது என்று ஊரெல்லாம் அனுப்பினீர்கள். அதில் பாதிப் பணம் இன்னும் பாக்கி. அதைக் கொடுத்திருந்தால் ஒருவேளை நாக்டுவாவே வாங்கியிருப்பான்.