அது காட்டு மரம் இல்லையாம்

எங்கள் தெரு முனையில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தைப் போன மாதம் வெட்டினார்கள். மழைநீர் வடிகால் வேலை. முதல் நாளே மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மனுவை வாங்கியவர் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். "சார், காட்டு மரம்னா ஃபாரஸ்ட் ஆளுங்க வருவாங்க. இது ரோட்டு மரம்" என்றார். நகலில் சீல் குத்திக் கொடுத்தார்.

அவர் மேல் கோபமில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நம் ஊரில் காடு என்பது மண்ணில் இருப்பதில்லை, ரெக்கார்டில் இருப்பது.

சென்னைப் பள்ளிக்கரணையைப் பாருங்கள். கோரையும் நாணலும் தண்ணீருமாகக் கிடக்கும் கழுவெளி அது. 2007இல் அதில் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். மரமே இல்லாத சதுப்பு, சட்டப்படி காடு! சிரிப்பாக இருந்தாலும் அது நல்ல காரியம். அந்த அறிவிப்பு வரவில்லையென்றால் பெருங்குடிக் குப்பைமேடு இன்னும் எவ்வளவு தூரம் நடந்திருக்குமோ. எதிர்ப்பக்கம், ஐம்பது வருஷ மரங்கள் அடர்ந்து நிற்கும் எத்தனையோ வளாகங்கள் ரெக்கார்டில் வெறும் மனை.

ரெக்கார்டில் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. கிண்டியைக் காப்புக்காடாக அறிவித்தது 1910இல், ஏறத்தாழ 505 ஹெக்டேர். 1978இல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது 270. பாதிக் காட்டை ஆக்கிரமிப்பாளர் யாரும் விழுங்கவில்லை. அரசாங்கமே ஐஐடிக்கு, தலைவர்களின் நினைவகங்களுக்கு, இன்னும் பல துறைகளுக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்தது. ஐஐடி வேண்டாம் என்று சொல்லவில்லை (என் தங்கை மகன் அங்கேதான் படிக்கிறான்). ஆனால் தன் கையில் இருக்கும் காட்டை மாநில அரசு தன் இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுக்க அன்று தடையே இல்லை என்பதுதான் விஷயம். 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்து, மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் காட்டை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது என்று கட்டிப் போட்டது. சர்தார் படேல் சாலையில் பஸ் சிக்னலில் நிற்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிமான் காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறதே, அது நிற்க இடம் மிஞ்சியதில் அந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அடுத்த திருப்பம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் ஆரம்பித்தது. கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பக்கம் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12இல் வந்த உத்தரவு, அகராதி எதைக் காடு என்கிறதோ அதெல்லாம் காடு, நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி என்றது. நகரத்து மரக்கூட்டங்களுக்கு அந்த வனச் சட்டத்தில் ஒரு பிடி கிடைத்தது. அதே 1980 சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம் அந்தப் பிடியைத் தளர்த்தப் பார்த்தது: அறிவிக்கப்பட்டதோ, 1980 அக்டோபர் 25க்குப் பிறகு அரசுப் பதிவேட்டில் ஏறியதோதான் காடு. மறுபடியும் ரெக்கார்டு! 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு, இப்போதைக்கு அகராதி அர்த்தமே செல்லும் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

அது எவ்வளவு மெல்லிய நூல் என்பதை ஹைதராபாத்தில் பார்த்தோம். 2025 மார்ச் கடைசி, உகாதி விடுமுறை. கஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கருக்குள் புல்டோசர்கள் இறங்கின. இது அரசு நிலம், ரெக்கார்டில் காடு இல்லை என்றது மாநில அரசு. மயில்கள் அலறிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்துவதற்குள் ஏறத்தாழ நூறு ஏக்கர் மொட்டையாகிவிட்டது. நீதிமன்றம் திறக்க நாள் பார்க்கும், ஜேசிபி விடுமுறையிலும் ஓடும்.

"எல்லாத்தையும் காடுன்னு சொன்னா மெட்ரோ எங்க போறது, வீடு எங்க கட்டுறது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். காடாக அறிவித்து வேலி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பவில்லை. வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. அங்கே கொண்டுபோய் மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வது அதற்குச் செய்யும் உபகாரம் அல்ல. ஆனால் காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சட்டம் வேண்டாமா? மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975லேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கர்நாடகத்துக்கு 1976, டெல்லிக்கு 1994. நம்மிடம் மலைப்பகுதி மரங்களுக்கு 1955லிருந்தே சட்டம் உண்டு. சமவெளி நகரங்களுக்கு, மரத்தை வெட்டலாமா என்று முடிவு செய்ய 2021இல் அரசாணை போட்டு அமைத்த மாவட்டப் பசுமைக் குழுதான். அதுவும் அரசு நிலத்து மரங்களுக்கு.

எங்கள் தெரு மரமும் அரசு நிலத்தில்தான் நின்றது. குழு கூடியதா என்று கேட்டு இன்னொரு மனு போட்டிருக்கிறேன், அதற்கும் சீல் குத்திய நகல் வந்தது. மரம் நின்ற இடத்தில் இப்போது நான்கு பைக் நிற்கிறது. மத்தியானம் சீட் சுடுகிறது என்று அட்டை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.