அந்த அட்டைப்படத்தை விட்டுவிட்டீர்களே!

பத்திரிகை ஆசிரியரும் கலை விமர்சகருமான இங்க்ரிட் சிஷியைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் பாதிக்கு மேல் அவருடைய பிரபல நண்பர்களே வருகிறார்கள். ஆர்ட்ஃபோரம் என்ற கலை இதழில் அவர் இருந்த காலத்துக்கு இரண்டே வரி என்பது அநியாயம். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்து, எடின்பரோ வழியாக அமெரிக்கா வந்த அவர், 1979இல் அந்த இதழின் ஆசிரியரானபோது வயது 27தான்.

1982 பிப்ரவரி இதழின் அட்டையையாவது குறிப்பிட்டிருக்கலாம். ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயின் ஆடை அதில் இருந்தது. மேலுடம்பைப் பிரம்பும் மூங்கிலும் கூண்டுபோலச் சூழ்ந்திருக்கும். சாமுராய் கவசத்தை நினைவூட்டும் அந்த உடையை, கலைக்கென்றே இருந்த ஓர் இதழின் முகப்பில் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். இன்று அருங்காட்சியகங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆடைக் கண்காட்சி நடத்துகின்றன. அன்று நிலைமை வேறு.

பிறகு 1989 முதல் 2008 வரை, ஓவியர் ஆண்டி வார்ஹோல் தொடங்கிய இன்டர்வியூ இதழின் ஆசிரியர் பொறுப்பு. அது உங்கள் கட்டுரையிலேயே தாராளமாக இருக்கிறது.

அவரைப் பளபளப்பு உலகத்துக்காரராக மட்டும் பார்ப்பவர்கள், 1991இல் பிரேசில் புகைப்படக் கலைஞர் செபாஸ்டியோ சல்காடோவின் படங்களைப் பற்றி நியூயார்க்கர் இதழில் அவர் எழுதிய விமர்சனத்தைத் தேடிப் படிக்க வேண்டும். துயரத்தை இவ்வளவு அழகாகக் காட்டினால் பார்ப்பவர் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவார் என்பது அவர் வாதம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சல்காடோவுக்குக் கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் ஊரே கொண்டாடிய ஒருவரிடம் முகத்துக்கு நேராக அப்படிக் கேட்க எத்தனை பேருக்கு மனம் வரும்? சிஷி 2015இல், 63 வயதில், புற்றுநோயால் இறந்தார். அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், பிரபலங்களின் விருந்துக் கதைகளைக் குறைத்துக்கொண்டு அந்த விமர்சனத்திலிருந்து தொடங்குங்கள்.