ஆல்ஃபா 0.86 இருந்தால் போதுமா?

போன வாரம் ஒரு பிஎச்டி மாணவி தன் தரவோடு என்னிடம் வந்தார். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியல் ஆலோசனை சொல்வது என் வேலை. குழந்தை பெற்று ஆறு வாரமான அம்மாக்களையும் குழந்தை இல்லாத பெண்களையும் ஒப்பிட்டு, யாருக்கு மனச்சோர்வு அதிகம் என்று பார்க்கும் ஆய்வு அவருடையது. கணக்கில் ஒரு குறை சொல்ல முடியாது. மனச்சோர்வை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் பயன்படுத்துற கேள்வித்தாள்தான், ஆல்ஃபா 0.86 வந்திருக்கு" என்றார். ஒரு கேள்வித்தாளின் கேள்விகளுக்கு வரும் பதில்கள் எவ்வளவு ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்தான் ஆல்ஃபா; ஒன்றை நெருங்கினால் நல்லது என்பார்கள்.

கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். தூக்கம் கெடுகிறதா? அசதியாக இருக்கிறதா? பசி மாறியிருக்கிறதா? கைக்குழந்தைக்காரி எவள் இதற்கெல்லாம் 'இல்லை' என்பாள்? மூன்றுக்கும் சேர்ந்தாற்போல் 'ஆமாம்' விழுந்தால் ஆல்ஃபா ஏறத்தான் செய்யும். நாம் அளந்தது மனச்சோர்வையா, ராத்திரி கண்விழிப்பையா என்று அந்த எண் சொல்லாது. அந்த மூன்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தோம். இரண்டு குழுவுக்கும் இருந்த வித்தியாசம் பாதிக்கு மேல் காணாமல் போனது.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987-ல் வந்த எடின்பரோ கேள்வித்தாளில் பத்தே கேள்விகள். அதில் தூக்கம் பற்றிய கேள்வி, மனவருத்தத்தால் தூக்கம் கெடுகிறதா என்றுதான் கேட்கிறது. 'மனவருத்தத்தால்' என்ற அந்த ஒரு சொல்லைச் சேர்க்கத் தெரிவதற்குப் பெயர்தான் உளஅளவியல், அதாவது மனதைச் சரியாக அளக்கும் கலை.

மாணவி மேல் தப்பே இல்லை. அவர் படித்த துறையில் அளவியலுக்கென்று ஒரு பாடம்கூட இல்லை. இது இன்று நேற்றுப் பிரச்சினையும் இல்லை. உளவியலாளர் லியோனா ஐக்கனும் சகாக்களும் வட அமெரிக்க உளவியல் பிஎச்டி பாடத்திட்டங்களை ஆராய்ந்து, அளவியல் தேய்ந்துவிட்டது என்று 1990-லேயே எழுதினார்கள். 2008-ல் மறுபடி 201 பாடத்திட்டங்களைப் பார்த்தார்கள். புள்ளியியலும் அளவியலும் சேர்ந்தே இடைநிலை அளவாக (மீடியன்) 1.6 வருடப் பயிற்சிதான், அதிலும் பெரும்பகுதி அடிப்படைப் புள்ளியியலுக்கே போய்விடுகிறது. புள்ளியியல் பாடம் மேம்பட்ட அளவுக்கு அளவியல் மேம்படவில்லை. பெயர்பெற்ற துறைகளும் இதில் ஒன்றும் உசத்தி இல்லை.

எந்தெந்தக் கேள்விகள் ஒரே விஷயத்தை அளக்கின்றன என்று பிரித்துப் பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு, இப்போது ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் நாலு வரி எழுதினால் முடிந்துவிடுகிறது. நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் கேள்வியே தப்பாக இருந்தால் அந்த நாலு வரி என்ன செய்யும்?

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் நண்பர்களிடம் கேட்பது ஒன்றுதான். முதல் பருவத்தில், புள்ளியியலுக்கும் முன்னால், அளவியலை வையுங்கள். ஒவ்வொரு மாணவரும் பத்துக் கேள்வி எழுதட்டும். அதை எடுத்துக்கொண்டு ஐந்து பேர் எதிரில் உட்கார்ந்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவென்று புரிகிறது?" என்று கேட்டுவிட்டு வரட்டும்.