கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கு மருந்தா?

"கருப்பட்டி, நாட்டு வெல்லம் எவ்வளவு சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறாது, ஆயுர்வேதமே சொல்கிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

100 கிராம் வெல்லத்தில் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான், பெரும்பாலும் சர்க்கரையாகவே. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் பார்க்கலாம். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரையே. இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு. அதற்காக டம்ளர் காபியில் இரண்டு துண்டு போட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

ஆயுர்வேதம் என்ன சொல்கிறது? ஆயுர்வேதத்தின் பழைய மூல நூலான சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி, 6ஆம் அத்தியாயம், பிரமேக நோய்க்கான (சர்க்கரை நோயையும் உள்ளடக்கிய சிறுநீர்க் கோளாறுகள்) காரணங்களில் வெல்லப் பண்டங்களையும் சேர்த்திருக்கிறது. தயிரும் அதிகத் தூக்கமும்கூட அந்தப் பட்டியலில் உண்டு.

அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. உங்களுக்கு வந்திருந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.