கோட்டையூரில் இரண்டு பேர்

போன வாரம் காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். 'செட்டிநாடு தந்த பெருமக்கள்' என்பது தலைப்பு. 14 பிள்ளைகள் பேசினார்கள். நல்ல குரல், தடுமாறாத மனப்பாடம். ஆனால் யார் மேடை ஏறினாலும் அதே ஐந்து பெயர்தான்: அண்ணாமலை அரசர், அழகப்பர், எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், ஏவி.எம்., கண்ணதாசன்.

பரிசு கொடுத்து முடித்து நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், பெரிய வீட்டுக்காரங்கதான் பெரிய ஆளாக முடியுமா? எங்க அப்பா மாதிரி கையால வேலை பாக்குறவங்க யாரும் பேர் வாங்கலையா?" அவள் அப்பாவுக்கு ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை. கண்ணாடிப் பலகையில் வைத்த அச்சுக்குள் சாயச் சாந்தைக் கரண்டியால் ஊற்றிப் பூ எடுக்கிறவர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்து சேரும் வரை மனசு ஒப்பவில்லை. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அந்த ஐந்து பேரை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அழகப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1909இல் கோட்டையூரில் பிறந்தவர். ஊருக்கு ஊர் கல்லூரி வேண்டும், செல்வர்கள் முன்வர வேண்டும் என்று 1947இல் சென்னைக் கூட்டம் ஒன்றில் ஏ. இலட்சுமணசாமி முதலியார் கேட்டபோது, அந்த இடத்திலேயே எழுந்து ஒரு லட்சம் என்று அறிவித்தவர். அந்த ஆண்டே காரைக்குடியில் கல்லூரி தொடங்கிவிட்டது. மின்வேதியியல் ஆய்வகம் இந்தப் பொட்டல் காட்டுக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பெண்கள் படிக்கத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் மூன்று பேர் படித்தது அவர் போட்ட சோறு.

ஆனால் அதே கோட்டையூரில் இன்னொருவர் இருந்தார். 14 பிள்ளைகளில் ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லவில்லை. ரோஜா முத்தையா. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். தூரிகை பிடித்துச் சம்பாதித்த காசைப் பழைய புத்தகத்தில் போட்டார். புத்தகம் மட்டுமா? பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று அடுத்தவர் கழித்துப் போட்டதையெல்லாம் வாங்கி வாங்கி வீட்டை நிறைத்தார். அவர் சேர்த்தது ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள். தமிழ் அச்சைப் பற்றி ஆராய வந்தவர்கள் கோட்டையூருக்கு வழி கேட்டு வந்து சேர்ந்தார்கள்.

1992இல் அவர் காலமானார். அதன் பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கிக் காப்பாற்றியது சிகாகோ பல்கலைக்கழகம். 1994இல் அவர் பெயரிலேயே சென்னையில் நூலகம் வந்தது. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 1981இல் கண்மூடியதும் அதே சிகாகோவில்தான் என்பது எப்போதும் எனக்கு நினைவுக்கு வரும். காகிதம் சிதறாமல் பத்திரமாக இருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் இத்தனை வங்கி நடத்திய ஊர், இத்தனை கோயில் திருப்பணி செய்த ஊர், அந்த ஒரு வீட்டுக் காகிதத்துக்குத் தானே ஒரு கட்டடம் எழுப்பவில்லையே என்ற வலி எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், இதே தப்பை நாங்களும் செய்தோம். எங்கள் வளவில், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டில், ஐந்து புள்ளி, ஐந்து குடும்பம். பராமரிக்க ஆளில்லை, விற்றுவிடலாம் என்று முடிவானது. நிலை, கதவு, தூண் ஒவ்வொன்றுக்கும் பழம்பொருள் கடைக்காரரோடு இரண்டு நாள் விலை பேசினார்கள். இரண்டாம் கட்டில் கிடந்த இரும்புப் பெட்டிகளில் இருந்த இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம், மொய்ப்பண ஏடு, செய்முறை எழுதிய முறைச்சிட்டை, பேரேடு, ரங்கூன் கடிதக் கட்டு எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரர் தராசில் நிறுத்துக் கொண்டு போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த அரைத் தாள் ஒன்றுதான் மிச்சம். மேலே பிள்ளையார் சுழி. என் ஐயா, அப்பாவின் அப்பா, ரங்கூன் வட்டிக்கடையிலிருந்து அப்பத்தாவுக்கு எழுதியது. மாடு கன்று போட்டுவிட்டதா, பையனுக்கு வாய்ப்பாடு பதினாறு வரை வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையன் என் அப்பச்சி, என் அப்பா. கீழ்ப்பாதி இல்லை.

ரோஜா முத்தையா மாதிரி ஒருவர் அன்று எங்கள் தெருவில் இருந்திருந்தால் அந்தக் கீழ்ப்பாதியும் இருந்திருக்கும். அதனால்தான் என் பட்டியலில் அவர் பெயர் முதலில் வருகிறது, அரண்மனைகளுக்கு முன்னால்.

அந்தப் பிள்ளைக்கு இன்னும் சிலரைச் சொல்ல வேண்டும். மேலைச்சிவபுரி வ.சுப. மாணிக்கம் சிறுவயதில் ரங்கூனில் பெட்டியடிப் பையன், கடையில் எடுபிடி. வந்தவரிடம் முதலாளி இல்லை என்று பொய் சொல்லச் சொன்னார்கள். முடியாது என்றதால் வேலை போயிற்று. ஊர் திரும்பிப் பண்டிதமணி கதிரேசனாரிடம் தமிழ் படித்து, பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவே ஆனார். அந்தப் பண்டிதமணியும் கால் முடங்கி ஊன்றுகோலோடு நடந்தவர்தான். அவர் பிறந்த மகிபாலன்பட்டிதான் பழைய பூங்குன்றம், 'யாதும் ஊரே' பாடிய கணியனின் ஊர்.

பள்ளத்தூரில் வறுமையில் வளர்ந்து, 'பள்ளத்தூர் பாப்பா' என்று நாடக மேடை ஏறிய பெண் மனோரமா. பிறந்தது மன்னார்குடி. செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்து வீட்டுப் பெண்ணும் இல்லை. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார். நம் வீடுகளில் புழங்கிய 'ஆச்சி' என்ற சொல் தமிழ்நாடு முழுவதும் மரியாதைச் சொல்லாக நின்றது அவரால். அவரை விட்டுவிட்டு ஒரு செட்டிநாட்டுப் பட்டியலா? சிராவயலில் ஆசிரமம் நடத்திய பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்தது நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டி. ஆனால் 1927இல் காந்தி அவரைச் சந்தித்தது இந்த மண்ணில். இங்கே வந்து உழைத்தவர்களையும் நம்மவர் என்று சொல்லத்தான் 'யாதும் ஊரே' நம் பக்கத்தில் பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

ஆசிரியர்களே, அடுத்த போட்டிக்குத் தலைப்பு வைக்கும்போது பிள்ளைகளைக் கோட்டையூருக்கு ஒரு நடை அனுப்புங்கள். ரோஜா முத்தையா பெயரைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். அவர் தொழில் அதுதான்.

வளவு விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூணுக்கும் கதவுக்கும் நீங்கள் விலை பேசிக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். பழைய பேப்பர்காரருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ராயவரம் எதுவானாலும் அன்றைக்கே வருகிறேன். பெட்டியும் நானே கொண்டு வருகிறேன்.