மருதாணி கறுப்பாகப் பிடிக்காது
இலையிலிருந்து எடுத்த அழகுப்பொருள் என்றால் பக்கவிளைவே கிடையாது என்று உங்கள் கட்டுரையில் ஒரே போடாகப் போட்டிருக்கிறீர்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான், லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வேலி முழுக்கச் செம்பருத்தி, பால்மரம் சீவிவிட்டு வந்து அம்மா அதன் இலையைத் தண்ணீரில் கசக்கி வழவழவென்று எங்கள் தலையில் தேய்ப்பார், ஒரு குறையும் வந்ததில்லை, சரி. ஆனால் போன வருஷம் என் மகள் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், சுத்தமான இலைச்சாறு என்று சொல்லி விற்ற மருதாணிக் கோனை வாங்கி வந்தாள். அரை மணி நேரத்தில் கன்னங்கரேல்! நாலு நாளில் கோடு போட்ட இடமெல்லாம் கொப்புளம், பூவும் கொடியும் அப்படியே தடித்து நின்றன. அதில் கலந்திருப்பது முடிச்சாயத்தில் போடும் பிபிடி, அதாவது பாரா பினைலின்டையமின் என்றார் டாக்டர், இனி தலைக்கு டை அடிப்பதையும் மறந்துவிடு என்றார். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் மருதாணியே ஆகாது என்று எழுதியிருக்கிறார், அந்த இலை பாவம் என்ன செய்தது? அதிலுள்ள லாசோன் என்ற நிறமி தோலில் முதலில் ஆரஞ்சாகத்தான் பிடிக்கும், அப்புறம் இரண்டு நாளில் செம்பழுப்பாகும், மை மாதிரிக் கறுப்பு வராது. அவுரி இலைப் பொடியும் சேர்த்தால் முடி கறுக்கும், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், அரை மணி நேரக் கதை இல்லை.