டப்மன் மீட்டது 300 பேர் இல்லைங்க
மேல ஒருத்தர், அமெரிக்காவுல அடிமையா இருந்து தப்பிச்ச ஹாரியட் டப்மன் 19 தடவை திரும்பப் போய் 300 அடிமைகளை மீட்டாங்கன்னு போட்டிருக்காரு, நிறைய பேர் ஷேரும் பண்றீங்க. எனக்கும் அவங்க ஹீரோதான், ஆனா அந்தக் கணக்கு சரியில்லைங்க. கிட்டத்தட்ட 13 தடவை, சுமார் 70 பேர், இதுதான் இப்ப ஆய்வாளர்கள் சொல்றது. 300ங்கிறது சாரா பிராட்ஃபோர்டு அந்தக் காலத்துல எழுதின வாழ்க்கை வரலாறுல ஊதிப் பெருசாக்கின நம்பர், அதையே எல்லாரும் அப்படியே காப்பி அடிச்சுட்டு வந்துட்டாங்க. டப்மனே 1850கள் கடைசில கூட்டங்கள்ல பேசும்போது 8, 9 தடவை, 50, 60 பேர்னுதான் சொல்லியிருக்காங்க.

செக் பண்ணணும்னா அமெரிக்க நேஷனல் பார்க் சர்வீஸ் சைட்ல டப்மன் பக்கத்தைப் பாருங்க, ஃப்ரீதான்.

70ன்னா கம்மின்னு நினைச்சுடாதீங்க, தான் தப்பிச்சு வந்த அதே மேரிலாந்து மாநிலத்துக்கு குளிர்கால ராத்திரில திரும்பத் திரும்பப் போயிருக்காங்க, பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரிதான் ஆளுங்களைக் கூட்டிட்டுக் கிளம்புவாங்க, ஏன்னா ஓடிப்போனவங்களைத் தேடுற விளம்பரம் பேப்பர்ல வர திங்கக்கிழமை ஆயிடும் (என்ன மூளை பாருங்க!). அப்புறம் 700 பேருக்கு மேல விடுதலையான காம்பஹீ ஆத்து ரெய்டு (திடீர்த் தாக்குதல்) 1863ல, அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரத்துல டப்மன் ராணுவத்தோட போனது, அது தனிக் கணக்கு, இதோட சேர்த்துக் கூட்டாதீங்க ப்ளீஸ்.